கட்டடக் கல்லின் வலிமையும் விரிசலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் சோதனைக்கூடத்துக்குத் துண்டு கொண்டு வருபவர்களும், அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு போன் செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போகும்.

இந்தக் கல் எவ்வளவு ஸ்ட்ராங்குன்னு ஒரே நம்பர்ல சொல்ல முடியாதா?

முடியாது. அமுக்கினால் எவ்வளவு, வளைத்தால் எவ்வளவு, இழுத்தால் எவ்வளவு என்று மூன்றும் தனித்தனி எண்கள். ஒரே கிரானைட் அமுக்கத்தில் 150 மெகாபாஸ்கல் தாங்கும்; வளைத்தால் 12, 15-க்கே முறியும்; நேராக இழுத்தால் 10-ஐத் தொடுவதற்குள் பிய்ந்துவிடும். ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் ஒரு நியூட்டன். பழைய கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ.

எல்லாரும் கேட்பது அமுக்க வலிமையை. கேட்க வேண்டியது பெரும்பாலும் மற்ற இரண்டையும்தான். ஏன் என்று, வாசல், ஜன்னல் மேல் குறுக்கே போடும் லிண்டல் பற்றிய கேள்வியில் வருகிறது.

கிரானைட், மார்பிள், சுண்ணாம்புக்கல், மணற்கல்: எது எவ்வளவு தாங்கணும்?

அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். கேட்கும் குறைந்தபட்ச அமுக்க வலிமை கிரானைட்டுக்கு 131 மெகாபாஸ்கல், மார்பிளுக்கு 52. சுண்ணாம்புக்கல்லை அடர்த்தியை வைத்து மூன்றாகப் பிரித்து 12, 28, 55 என்கிறது. மணற்கல்லுக்குச் சுமார் 28. அதே குடும்பத்தில் நன்றாக இறுகிப்போன குவார்ட்சைட்டுக்கு 138. கிரானைட்டின் நீர் உறிஞ்சல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கடையில் 'கிரானைட்' என்று விற்பதெல்லாம் புவியியல் கணக்கில் கிரானைட் இல்லை. கறுப்புக் கற்களில் பல காப்ரோ அல்லது டோலரைட் என்ற வேறு பாறைகள். அதனால் பெயரை வைத்து அட்டவணையில் எண் தேடாதீர்கள். இந்தக் கல்லைச் சோதித்தால் என்ன வருகிறது என்பதுதான் பேச்சு.

சோதனைக்கு எத்தனை துண்டு, எந்த அளவில் கொடுக்கணும்?

அமுக்கத்துக்கு 50 மி.மீ. கனசதுரம் பரவலாக நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய முறையான இ.என். 1926-இல் 50 அல்லது 70 மி.மீ. இந்தியத் தரமான ஐ.எஸ். 1121 நான்கு பகுதிகள் கொண்டது: அமுக்கம், குறுக்கு வளைவு, இழுவிசை, வெட்டுவிசை. பாறைப் பொறியியல்காரர்கள் உருளை வெட்டுவார்கள்; விட்டத்தைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு உயரம். கனசதுர எண்ணையும் உருளை எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. கனசதுரம் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். உலர்ந்த நிலை, நனைந்த நிலை, படுகைக்கு (கல் படிந்த அடுக்குக்கு) செங்குத்தாக, படுகையின் வழியே என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து, முடிந்தால் பத்து. எல்லாவற்றையும் ஒரே பலகையின் ஒரே மூலையிலிருந்து வெட்டி அனுப்புவார்கள். அதில் தெரிவது அந்த மூலையின் வலிமை மட்டும்.

மெஷின்ல வச்சு நசுக்குறதுதானே, இதுல தப்பு வர என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. முதலில் முகத்தின் தட்டைத்தன்மை. பன்னாட்டுப் பாறை இயக்கவியல் கழகம் முனைகள் 0.02 மி.மீ.-க்குள் தட்டையாக இருக்க வேண்டும் என்கிறது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அளவே இல்லை. ஒரு ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தால் சுமை அந்த ஓரத்தில் ஏறி, அங்கேயே கல் பிளந்து, எண் பாதியாகிவிடும். தட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து இலேசாக அமுக்கிப் பார்த்தால், மை எங்கே விழுந்திருக்கிறது, எங்கே விழவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது உராய்வு. இரும்புத் தட்டு கல்லின் முனையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் விரியவிடாது. அதனால்தான் கனசதுரம் உடைந்தபின் மேலும் கீழும் இரண்டு கூம்புகள் மிஞ்சி நிற்கும், பக்கங்கள் சிதறியிருக்கும். வழுக்கட்டுமே என்று கிரீஸ் தடவினால் கல் செங்குத்தாகப் பிளந்து, எண் குறையும். கனசதுரம் கூடுதலாகக் காட்டுவதற்கும் இந்தப் பிடிதான் காரணம்: குட்டையான துண்டில் இரண்டு முனைகளின் பிடியும் நடுவரை எட்டிவிடுகிறது.

பிறகு வேகம். வினாடிக்கு 0.5 முதல் 1 மெகாபாஸ்கல் வரை என்பது வழக்கம். அவசரமாக ஏற்றினால் கல் பலமானதாகத் தெரியும்.

சின்னத் துண்டு நல்லாத் தாங்குது, அதே கல் பெருசா இருந்தா ஏன் தாங்கல?

பெரிய துண்டில் பெரிய குறை இருக்க வாய்ப்பு அதிகம். கல் உடைவது அதன் சராசரி இடத்திலிருந்து தொடங்குவதில்லை. ஆக மோசமான இடத்திலிருந்து தொடங்குகிறது. பாறைப் பொறியியலாளர்கள் ஹூக், பிரவுன் இருவரும் 1980-இல் பல பாறைகளின் அளவீடுகளைத் திரட்டித் தந்த சூத்திரப்படி, 50 மி.மீ. விட்டத்தில் 100 என்று வரும் பாறை 200 மி.மீ. விட்டத்தில் சுமார் 78-தான் காட்டும். இது முழுப் பாறைக்கு. நடுவில் பழைய விரிசல் ஓடும் பெரிய கட்டைக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது.

நூறு மெகாபாஸ்கல் தாங்குற கல்லை லிண்டலாப் போட்டா ஏன் நடுவுல விரிசல் விடுது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். முதலில் ஒரு கணக்கு. கன மீட்டருக்கு 2,700 கிலோ எடையுள்ள கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தன் எடையாலேயே அடிக்கல்லில் 100 மெகாபாஸ்கல் அழுத்தம் வர அந்தத் தூண் சுமார் 3.8 கிலோமீட்டர் உயரம் போக வேண்டும். 10 மீட்டர் சுவரின் அடியில் சுய எடையால் வருவது 0.3-ஐக்கூடத் தொடாது. ஆக, கட்டடத்தில் கல் வெறுமனே நசுங்கி உடைவது அபூர்வம்.

லிண்டலில் நடப்பது வேறு. மேலே சுமை ஏறியதும் மேல்முகம் அமுங்கும், அடிமுகம் இழுபடும். கல்லின் இழுவிசை வலிமை அமுக்க வலிமையில் பத்தில் ஒன்று, சில கற்களில் இருபதில் ஒன்று. அதனால் அடிமுகம் நடுவில் திறந்து விரிசல் மேலே ஓடிவிடும். இந்த வித்தியாசம் ஏன் என்பதற்குப் பாதை போட்டவர் இங்கிலாந்தின் ஏ.ஏ. கிரிஃபித். 1921-இல் கண்ணாடியை வைத்து, பொருளுக்குள் இருக்கும் நுண்விரிசல்களின் முனையில் இழுவிசை குவிவதுதான் முறிவுக்குக் காரணம் என்று காட்டினார். இழுத்தால் அந்த விரிசல்கள் வாய் திறக்கும். அமுக்கினால் பல மூடிக்கொள்ளும், சாய்ந்திருப்பவை மட்டும் சறுக்கி மெல்ல வளரும். அவருடைய 1924 கணக்குப்படி அமுக்க வலிமை இழுவிசையைப் போல் எட்டு மடங்கு. அளந்தால் இன்னும் கூடுதலாகவே வருகிறது.

தடிமன் எவ்வளவு முக்கியம் என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் இடைவெளி, 300 மி.மீ. அகலம், வளைவு வலிமை 10 மெகாபாஸ்கல். 30 மி.மீ. பலகை நடுவில் சுமார் 180 கிலோவில் முறியும்; 20 மி.மீ. பலகை சுமார் 80 கிலோவில். இவை முறியும் சுமைகள். பாதுகாப்புக்கு இதை இன்னும் வகுக்க வேண்டும். சுமை தடிமனின் வர்க்கத்தோடு போவதால், 10 மி.மீ. மிச்சம் பிடித்தவர் பாதிக்கும் மேல் இழக்கிறார்.

இழுவிசை அவ்வளவு முக்கியம்னா நேரா இழுத்தே பார்க்கலாமே?

பார்க்கலாம், ஆனால் பிடிப்பதுதான் பாடு. கல்லைக் கவ்வினால் கவ்விய இடத்தில் நொறுங்கும். பசையால் ஒட்டி இழுத்தால் கொஞ்சம் கோணினாலும் வளைவு சேர்ந்து எண் கெடும். அதனால் பெரும்பாலும் சுற்றுவழிதான். வட்டத் தட்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி விட்டத்தின் வழியே அமுக்கினால், நடுவில் குறுக்காக இழுவிசை உண்டாகித் தட்டு இரண்டாகப் பிளக்கும். சுமையை இரட்டித்து, பை, விட்டம், தடிமன் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் இழுவிசை வலிமை.

இதற்குப் பிரேசிலியச் சோதனை என்று பெயர். ரியோ டி ஜெனிரோவில் சாலை விரிவுக்காக ஒரு பழைய தேவாலயத்தை கான்கிரீட் உருளைகள்மேல் நகர்த்தலாமா என்று யோசித்தபோது, உருளைகளை அமுக்கிப் பார்த்த பொறியாளர் லோபோ கார்னெய்ரோ அவை விட்டத்தோடு பிளப்பதைக் கவனித்து 1943-இல் முறையாக வகுத்தார். அதே காலத்தில் ஜப்பானில் அகசாவாவும் தனியாக இதே வழிக்கு வந்திருந்தார். தேவாலயம் நகரவில்லை, இடித்துவிட்டார்கள். சோதனை மட்டும் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: விரிசல் நடுவிலிருந்து கிளம்பியிருக்க வேண்டும். சுமை படும் இடத்தில் நொறுங்கிப் பிளந்திருந்தால் அந்த எண்ணைத் தள்ளிவிடுங்கள்.

வளைவுச் சோதனையில மூணு புள்ளி, நாலு புள்ளின்னு ரெண்டு இருக்கே?

மூன்று புள்ளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் ஒரு சுமை. உச்ச இழுவிசை அந்த ஒரே கோட்டில். நான்கு புள்ளியில் இரண்டு சுமைகள். அவற்றுக்கு நடுவே உள்ள முழு நீளமும் ஒரே உச்ச இழுவிசையில் இருக்கும். பெரிய பரப்பு மாட்டுவதால் மோசமான குறை அதில் அகப்பட வாய்ப்பு அதிகம், எண் குறையும். அளவு கேள்வியில் சொன்ன அதே காரணம். முகப்புப் பலகைக்குக் காற்றழுத்தம் பரவலாக வருவதால் நான்கு புள்ளிதான் நியாயமாகப் படுகிறது. அறிக்கையில் எந்த முறை என்று எழுதாமல் எண் மட்டும் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பக்கமா வச்சுச் சோதிக்கணும்? கல்லுக்கு மேல் கீழ் உண்டா?

படிவுக் கற்களுக்கு உண்டு. மணற்கல்லும் பல சுண்ணாம்புக்கற்களும் அடுக்கடுக்காகப் படிந்தவை. படுகைக்குச் செங்குத்தாக அமுக்கினால் ஒரு எண், படுகையின் வழியே அமுக்கினால் வேறு எண். வளைவில் வித்தியாசம் இன்னும் பெரிதாகும், ஏனென்றால் விரிசல் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து ஓட வசதி. ஸ்லேட்டில் சொல்லவே வேண்டாம்.

கிரானைட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் குவாரியில் உளி பிடித்தவருக்கு அது எந்தத் திசையில் வாகாகப் பிளக்கும், எந்தத் திசையில் முரண்டு பிடிக்கும் என்று தெரியும். குவார்ட்ஸ் மணிகளுக்குள் ஒரே திசையில் வரிசை கட்டியிருக்கும் நுண்விரிசல்கள்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். பலகை அறுக்கும்போது இந்தத் திசைக் குறி தொலைந்துபோகிறது. கட்டையிலேயே பெயின்டால் அம்புக்குறி போட்டு, துண்டுவரை கொண்டு வரச் சொல்லுங்கள்.

விரிசல் உடையிற நேரத்துலதான் வருமா, இல்ல முன்னாடியே ஆரம்பிக்குமா?

வெகு முன்னாடியே. கல் எவ்வளவு உருமாறுகிறது (திரிபு) என்று அளக்கும் திரிபுமானியை அதன்மேல் ஒட்டிச் சுமை ஏற்றினால், கதை சுமை-திரிபு வளைகோட்டில் தெரியும். முதலில் கோடு கொஞ்சம் குழிந்து ஏறும். ஏற்கெனவே உள்ள நுண்விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. அப்புறம் நேர்க்கோடு, இந்தக் கட்டத்தில் சுமையை எடுத்தால் கல் ஏறத்தாழப் பழைய நிலைக்குத் திரும்பும். உச்ச வலிமையில் சுமார் 30 முதல் 50 சதவீதத்தில் புதிய விரிசல்கள் பிறக்கத் தொடங்கும், பெரும்பாலும் அமுக்கும் திசைக்கு இணையாக. மேலிருந்து கீழ்த் திரிபு நேராகவே போய்க்கொண்டிருக்கும், பக்கவாட்டுத் திரிபு மட்டும் கோட்டை விட்டு விலகும். பக்கவாட்டில் மானி ஒட்டாதவருக்கு இது தெரியவே தெரியாது.

70, 80 சதவீதத்துக்கு மேல் தனித்தனி விரிசல்கள் கைகோக்கத் தொடங்கும். அதுவரை அமுங்கிக் குறைந்துவந்த கல்லின் பருமன் திரும்பி வீங்கும். இந்தத் திருப்பம்தான் நீண்டகாலச் சுமைக்கான எல்லைக்கல். இதற்கு மேலான சுமையை விட்டுவைத்தால், ஏற்றாமலேயே கொஞ்ச நேரத்தில் கல் உடையலாம்.

காதாலும் கேட்கலாம். கடைசிக் கட்டத்தில் 'டிக், டிக்' என்று வெறும் காதுக்கே வரும். அதற்கு முன் வருபவை காதுக்கு எட்டாத மீயொலி. கல்லில் ஒட்டிய உணரிகள் ஒவ்வொரு வெடிப்பையும் எண்ணும். நான்கைந்து உணரிகள் இருந்தால் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து விரிசல் எங்கே பிறந்தது என்றே குறித்துவிடலாம். 1950-இல் ஜெர்மனியின் யோசஃப் கைசர் கவனித்த ஒன்றும் இதில் உதவும்: ஒருமுறை சுமை ஏற்றிய பொருளை மறுபடி ஏற்றினால் பழைய உச்சத்தை எட்டும்வரை அது அநேகமாக மௌனமாக இருக்கும். அவர் பார்த்தது உலோகங்களில்; பாறையும் ஓரளவுக்கு அப்படியே நடந்துகொள்கிறது.

பட்டுனு வெடிச்சுச் சிதறினா நல்ல கல், சத்தமில்லாம உடைஞ்சா மட்டமான கல்லா?

அந்தச் சத்தத்தில் பாதி எந்திரத்துடையது. சுமை ஏறும்போது எந்திரத்தின் சட்டமும் இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கிறது. கல் தளர்ந்த கணத்தில் அத்தனையும் கல்லின்மேல் பாய்கிறது. விறைப்பான சட்டமும், பக்கவாட்டுத் திரிபைப் பார்த்துச் சுமையைச் சட்டென்று குறைக்கும் கட்டுப்பாடும் இருந்தால், அதே கிரானைட்டைச் சிதறவிடாமல் உச்சத்துக்குப் பிறகு எப்படி இறங்குகிறது என்றுகூட வரைந்துவிடலாம். எப்படியானாலும் கவசத் தடுப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

சுற்றிலும் அழுத்தம் கொடுத்தால் கல்லின் குணமே மாறும். 1911-இல் ஃபான் கார்மான் என்ற ஆய்வாளர் இத்தாலியின் கராரா மார்பிளைச் சுற்றியும் அழுத்தி, அது நொறுங்காமல் பீப்பாய்போல் உப்புவதைக் காட்டினார். கட்டடத்தில் அந்த அளவு அழுத்தம் வராது.

விரிசலை எதிர்க்கும் திறனுக்குன்னு தனியா நம்பர் இருக்கா?

இருக்கிறது; முறிவுக் கடினம் என்பார்கள். ஏற்கெனவே ஒரு விரிசல் இருக்கும்போது அது எந்த அழுத்தத்தில் ஓடத் தொடங்கும் என்று சொல்லும் எண். மெல்லிய வைரவாளால் அரைவட்டத் துண்டில் கீறல் வெட்டி, மூன்று புள்ளியில் வளைத்து அளப்பது இப்போது பரவலாகியிருக்கும் முறை. மெகாபாஸ்கலை மீட்டரின் வர்க்கமூலத்தால் பெருக்கியது இதன் அலகு. பெரும்பாலான கற்கள் 0.5-க்கும் 3-க்கும் நடுவில். சாதாரணக் கட்டுமான எஃகு பல பத்துகளில்.

இதை வைத்துப் போடும் கணக்கு கண்ணைத் திறக்கும். 1.2 கடினமுள்ள கல்லில் 8 மெகாபாஸ்கல் இழுவிசை இருந்தால், ஓரத்திலிருந்து உள்ளே போன சுமார் 6 மி.மீ. கீறலே ஓடப் போதும். ஆணித்துளை போடும்போதும் பள்ளம் வெட்டும்போதும் ஓரத்தில் விழும் சில்லு அந்த அளவுக்கு வந்துவிடும். முகப்புப் பலகைகள் நடுவில் முறிவதைவிடக் கொக்கி மாட்டிய ஓரத்தில் பெயர்வது அடிக்கடி நடக்கிறது. அதற்கென்றே ஆணித்துளையின் உடைசுமையை அளக்கும் இ.என். 13364 இருக்கிறது. துளை போட்டுக் கல் மாட்டுபவர் இந்தச் சோதனையைக் கேட்காமல் விடக் கூடாது.

தண்ணியில ஊற வச்சு ஏன் மறுபடி சோதிக்கிறீங்க?

ஊறினால் வலிமை குறையும் என்பதால். இறுகிய கிரானைட்டில் குறைவு சிறிது. களிமண் கலந்த மணற்கல்லில் பாதிக்கும் மேல் போய்விடலாம். நனைந்த எண்ணை உலர்ந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்; அந்த விகிதம் ரொம்பத் தாழ்ந்திருந்தால், ஈரம் படும் இடத்துக்கு நான் அந்தக் கல்லைப் பரிந்துரைக்க மாட்டேன், உலர்ந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வெறும் வெயில் பட்டே மார்பிள் வளைஞ்சு விரிசல் விடுமா?

விடும். மார்பிளின் கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். பக்கத்துப் பக்கத்து மணிகள் வேறு வேறு திசையைப் பார்த்து நிற்பதால் எல்லையில் ஒன்றையொன்று பெயர்க்கும். குளிர்ந்தபின் முழுதாகப் பழைய இடத்துக்கு வராது. ஈரமும் சேர்ந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் நீளும், மெல்லிய பலகை வில்லாக வளையும், கூடவே வலிமையும் கரையும்.

சிகாகோவில் 1970-களின் தொடக்கத்தில் எழுந்த அமோகோ கோபுரத்துக்கு கராரா மார்பிளை மெல்லிய பலகைகளாகப் போர்த்தினார்கள். அவை வளைந்து விரிசல் விட, சுமார் 43,000 பலகைகளையும் 1990-களின் தொடக்கத்தில் கழற்றிவிட்டு கிரானைட் மாட்ட வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கியில் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த ஃபின்லாண்டியா அரங்கிலும் இதே கதை. 1990-களின் கடைசியில் மாற்றிய கராரா பலகைகளும் மறுபடி வளைந்தன. போடும்போது இந்த மார்பிள் வளைவு வலிமைச் சோதனையில் தேறியிருக்கும். அந்தச் சோதனை புதுக் கல்லின் முதல் நாளைத்தான் பார்க்கிறது. இப்போது வெப்ப, ஈரச் சுழற்சிகளுக்கு முன்னும் பின்னும் அளக்க இ.என். 16306 இருக்கிறது. மணிகளின் எல்லை நேர்கோடாக இருக்கும் மார்பிள் சீக்கிரம் வளையும், பல் கோத்ததுபோல் நெளிந்திருப்பது தாக்குப்பிடிக்கும் என்பது நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும்.

தீப்பிடிச்ச கட்டடத்துல கிரானைட் கறுத்திருக்கு, கழுவிட்டு விட்டுடலாமா?

கழுவுவதற்கு முன் தட்டிப் பாருங்கள். 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் படிக அமைப்பு மாறிப் பருமன் சட்டென்று கூடுகிறது; அதைத் தாண்டிய கிரானைட் உள்ளுக்குள் விரிசல் வலையாகிவிடும். மேலே தண்ணீர் பீய்ச்சியிருந்தால் இன்னும் மோசம். தீச்சுடரால் பொரித்த முகப்பு கேட்பவர்களும் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்: மேல்தோலில் நுண்விரிசல் வரும், வளைவு வலிமை குறையும். வழுவழுப்பான துண்டில் சோதித்துவிட்டுப் பொரித்த பலகையைப் பதிக்காதீர்கள்.

லேப் போகாம இடத்துலேயே கண்டுபிடிக்க வழி இருக்கா?

தேர்ந்தெடுக்க வழி உண்டு, சான்றளிக்க இல்லை. சுத்தியலால் தட்டினால் கணீரென்றால் முழுக்கல், சொத்தென்றால் உள்ளே எங்கோ பிளவு. மீயொலி வேகம் இன்னும் நம்பகமானது. முழு கிரானைட்டில் வினாடிக்கு 4 முதல் 6 கி.மீ. போகும் அலை, விரிசல் பெருகினால் தளரும். அடித்ததும் எவ்வளவு எகிறுகிறது என்று அளக்கும் ஷ்மிட் சுத்தியல் கான்கிரீட்டுக்காக வந்தது. கல்லின் மேற்பரப்பை ஒப்பிடப் பயன்படும், மெல்லிய பலகையில் அடித்தால் பலகையே அதிர்ந்து எண் பொய்யாகும். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவில் அமுக்கும் புள்ளிச்சுமைக் கருவி ஒழுங்கில்லாத துண்டையும் உடைக்கும். அதன் குறியெண்ணை 20 முதல் 25 வரை பெருக்கி அமுக்க வலிமையை மதிப்பிடுவார்கள். அந்தப் பெருக்கெண் கல்லுக்குக் கல் மாறும்.

பலகையில ஓடுற கோடு விரிசலா, இயற்கை ரேகையா?

நனைத்துவிட்டுக் காத்திருங்கள். முகம் முழுவதும் காய்ந்து வெளிறிய பிறகும் ஒரு மெல்லிய கருங்கோடு மட்டும் மிஞ்சினால் அது தண்ணீர் குடித்த விரிசல். ரேகை மற்ற இடங்களோடு சேர்ந்தே காயும். பிசின் ஊற்றி மெருகேற்றிய பலகையில் இது வேலை செய்யாது. பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், எதற்காக ஒட்டினார்கள் என்று கேளுங்கள். கையாளும்போது உடையாமல் இருக்க ஒட்டுவதும் உண்டு, ஏற்கெனவே உடைந்ததைச் சேர்த்துப் பிடிக்க ஒட்டுவதும் உண்டு.

ரிப்போர்ட்ல சராசரி நல்லா இருக்கு, போதும்தானே?

போதாது. எடுத்துக்காட்டாக, பத்துத் துண்டுகளில் ஒரு கல்லின் வளைவு வலிமை சராசரி 14, திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு) 1. இன்னொன்று சராசரி 16, விலக்கம் 4. இரண்டாவதுதான் பலம் என்று தோன்றும். நூற்றில் ஐந்து துண்டுகள் எந்த எண்ணுக்குக் கீழே போகலாம் என்று கணித்தால் முதல் கல் சுமார் 12-இல் நிற்கிறது, இரண்டாவது 8-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. நான் முதல் கல்லை எடுப்பேன். தனித்தனி எண்களைத் தராமல் சராசரியை மட்டும் தரும் அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

பத்து வருஷம் சும்மா இருந்த கல் ஒரு நாள் திடீர்னு எப்படி விரிசல் விடும்?

திடீர் என்பது நமக்குத்தான். உடைக்கப் போதாத சுமையிலும் விரிசல் முனையில் ஈரம் புகுந்து சிலிக்கா பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். விரிசல் மிக மெதுவாக வளர்ந்து, முறிவுக் கடினக் கணக்கில் சொன்ன நீளத்தை எட்டியதும் ஓடிவிடும். அதோடு உப்பு துளைகளில் படிகமாகித் தள்ளும், குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து 9 சதவீதம் விரியும், துருப்பிடித்த இரும்புக் கொக்கி வீங்கி ஓரத்தைப் பெயர்க்கும். சோதனைக்கூடத்தில் சோடியம் சல்பேட் கரைசலில் 15 முறை ஊறவைத்து உலர்த்துவதும், உறையவைத்து உருக்குவதும் இதற்காகத்தான். சுழற்சி முடிந்தபின் எடை இழப்பை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் அதே துண்டுகளை வளைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே ஒரு பொடியும் உதிராத கல் உள்ளே நன்றாகவே தளர்ந்திருக்கலாம்.

குவாரிக்காரர் மூணு வருஷத்துக்கு முந்தின ரிப்போர்ட் காட்டுறார், அதை ஏத்துக்கலாமா?

கல் அன்றைக்கு வெட்டிய அதே மட்டத்திலிருந்து வருகிறது என்று அவர் காட்ட முடிந்தால், முதல் தேர்வுக்கு ஏற்கலாம். குவாரி சில மீட்டர் ஆழம் போனாலே மணி அளவும் வெடிவைத்ததால் வந்த நுண்விரிசலும் மாறும். வந்திறங்கும் சரக்கிலிருந்து எடுத்த துண்டுகளில் அடர்த்தி, நீர் உறிஞ்சல், வளைவு மூன்றையும் புதிதாகப் பார்த்து, பழைய எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த அறிக்கை வேறு கல்லுடையது.